எந்த விசையை விட்டுக்கொடுப்பது: நான்கு மேசைக்கு ஒரு கீபோர்டுத் தேர்வு

நான்கு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் ஓர் அறை. மேசைகளை மாற்றிச் சிறியதாகப் போட்டார்கள். முதலில் அடிபட்டது மவுஸ். 104 விசை கொண்ட முழு அளவு கீபோர்டை நேராக வைத்தால் மவுஸ் பக்கத்து மேசைக்குள் நுழைகிறது. மவுஸுக்கு இடம் விட்டால் கீபோர்டு இடப்பக்கம் தள்ளிப்போய், உடம்பைத் திருப்பி உட்கார்ந்து தட்ட வேண்டியிருக்கிறது. அலுவலகப் பொறுப்பாளர் தீர்வோடுதான் வந்தார்: எல்லோருக்கும் ஒரே மாதிரி 60% மெக்கானிக்கல் கீபோர்டு. பார்க்க லட்சணமாக இருக்கும், ஒன்று கெட்டால் இன்னொன்றை எடுத்துப் போடலாம், ஒரே ஆர்டரில் வேலை முடியும். "நீங்க சரின்னு சொன்னா இன்னிக்கே போட்டுடறேன்" என்றார்.

கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சரி என்று சொல்லியிருந்தால், அடுத்த மாதமே நாலு கீபோர்டும் அலமாரிக்குப் போய்ப் பழையவை மேசைக்குத் திரும்பியிருக்கும். கணக்கு பார்க்கும் அம்மா ஒருவர், தமிழில் மொழிபெயர்த்துத் திருத்தும் பெண் ஒருவர், இரண்டு டெவலப்பர்கள். டெவலப்பர்களில் மூத்தவர் நாள் முழுக்க, கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினலிலேயே இருப்பவர். இளையவர் நிரலில் பிழை தேடும் டீபக்கரில் வரிவரியாக நடந்து பார்ப்பவர். நாலு பேரும் தட்டுவது ஒரே எழுத்துகளைத்தான். எழுத்துகளுக்கு வெளியே உள்ள விசைகளில் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை.

மில்லிமீட்டர் கணக்கு

சதவீதப் பெயர்களை வைத்து எதையும் அளக்க முடியாது. 60% என்றால் 61 விசை, 65% என்றால் 66 முதல் 68 வரை, 75% என்றால் பெரும்பாலும் 80-க்கு மேல் 84 வரை, வலது ஓரத்து எண் தொகுதி மட்டும் இல்லாத டிகேஎல் என்றால் 87. எண்பத்து நாலு எப்படி நூற்று நாலில் முக்கால் பங்காகும் என்று யாரும் கேட்பதில்லை. அவை பட்டப்பெயர்கள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது அகலம். ஓர் எழுத்து விசைக்கு ஒதுக்கும் இடம் 19.05 மி.மீ.; அதைத்தான் ஒரு யூனிட் என்கிறார்கள். முழு அளவு 22.5 யூனிட், கிட்டத்தட்ட 429 மி.மீ. டிகேஎல் 18.25 யூனிட், 348 மி.மீ. 75%, 65% இரண்டும் பொதுவாக 16 யூனிட், 305 மி.மீ. 60% 15 யூனிட், 286 மி.மீ. இது விசைகள் பிடிக்கும் அகலம். சுற்றியுள்ள சட்டம் தனி.

குறைவதெல்லாம் வலப்பக்கத்தில்தான். இடது ஓரத்திலிருந்து என்டர் வரை எல்லா அளவிலும் ஒன்றே. ஆகவே கீபோர்டு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் மவுஸுக்கு நேரடி லாபம். எண் தொகுதியை எடுத்த மாத்திரத்தில் மவுஸ் 81 மி.மீ. கிட்டே வந்துவிடுகிறது. டிகேஎல்லிலிருந்து 75 அல்லது 65-க்கு இறங்கினால் இன்னும் 43 மி.மீ. அங்கிருந்து 60-க்கு இறங்கினால் கிடைப்பது 19 மி.மீ., ஒரே ஒரு விசையின் அகலம். அந்த ஒரு விசை அகலத்துக்காக அம்புக்குறி நான்கும் டெலீட்டும் கண்ணிலிருந்து மறைகின்றன. தோள்பட்டைக்கு வரும் நன்மையில் பெரும்பகுதி முதல் படியிலேயே கிடைத்துவிடுகிறது என்பதைப் பொறுப்பாளருக்குப் புரியவைக்க ஸ்கேல் ஒன்று போதுமாயிருந்தது.

இன்னொன்றும் ஸ்கேலில் தெரிந்தது. 65-க்கும் 75-க்கும் மவுஸ் தூரத்தில் வித்தியாசம் இல்லை. 75-இல் கூடுதலாக இருப்பது எஃப்1 முதல் எஃப்12 வரையிலான எஃப் வரிசை; அது மேலே, திரைப்பக்கம் ஒரு வரிசை ஆழத்தைத்தான் கூட்டுகிறது. 75 பெரியது, 65 சிறியது என்று வரிசையில் நிறுத்தி நடுவில் ஒன்றை எடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மேசை அகலம்தான் பிரச்சினை என்றால், 65-க்குப் போய் எஃப் வரிசையைத் தியாகம் செய்வதில் ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்ளும் குறுகலான தட்டு வைத்திருப்பவருக்கும், தினமும் பையில் போட்டுத் தூக்கிப் போகிறவருக்கும்தான் அந்த வரிசை பாரம்.

எதை மறைக்கலாம், எதைக் கூடாது

சின்ன கீபோர்டில் விசைகள் காணாமல் போவதில்லை, அடுத்த லேயருக்குள் போகின்றன. எஃப்என் விசையை அழுத்திக்கொண்டு இன்னொன்றைத் தட்டினால் அம்புக்குறி வரும், எஃப்5 வரும். "எல்லாம் இருக்குங்க, எஃப்என் கூட அழுத்தினா வந்துடும்" என்று விற்பவர்கள் சொல்வது பொய்யில்லை. வேலை நேரத்தில் அது எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது. ஒரு விசையைத் தனியாக, இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும்போது அழுத்துகிறீர்களா? தாராளமாக லேயருக்குள் தள்ளலாம். கை சீக்கிரம் பழகிவிடும். கன்ட்ரோலோடும் ஷிஃப்ட்டோடும் சேர்த்து அழுத்துகிறீர்களா, அல்லது ஒரு கை மவுஸில் இருக்கும்போது மறு கையால் அழுத்துகிறீர்களா? அப்படியானால் அது தனி விசையாக வெளியே இருந்தாக வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை அழுத்துகிறோம் என்பதைவிட எந்த நிலையில் அழுத்துகிறோம் என்பதே தீர்மானிக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. இருக்கிற பெரிய கீபோர்டையே ஊமையாக்கிவிடலாம். விண்டோஸில் பவர்டாய்ஸின் கீபோர்டு மேனேஜர், மேக்கில் காரபைனர், லினக்ஸில் கீடி. எதிலும் குறிப்பிட்ட விசைகளைச் செயலிழக்க வைக்கலாம். முதலில் எண் தொகுதி, அடுத்து எஃப் வரிசை, அதற்கடுத்து ஹோம், எண்ட் கூட்டம், கடைசியில் அம்புக்குறிகள். கேப்ஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு வேறு விசைகளை அம்புக்குறியாக்கிப் பார்க்க விண்டோஸில் ஆட்டோஹாட்கீ உதவும். கை எப்போதெல்லாம் செத்த விசைக்குப் போகிறதோ, அப்போது என்ன செய்ய நினைத்தோம் என்று பக்கத்தில் இருக்கும் தாளில் ஒரு வார்த்தை எழுதிவைக்க வேண்டும். தட்டுவதையெல்லாம் பதிவுசெய்யும் நிரல்களை வைக்கலாமே என்று இளையவர் கேட்டார். கடவுச்சொல்லும் சேர்ந்தே பதிவாகும் என்பதால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டோம்.

கணக்கு மேசை

முதலில் முடிவானது இதுதான். அந்த அம்மாவின் தாளில் எண் தொகுதி வருமென்று எல்லோரும் எதிர்பார்த்தோம், வந்தது. எதிர்பாராதது அதன் கீழே இருந்தது: கன்ட்ரோல் ஷிஃப்ட் வலது அம்பு, கன்ட்ரோல் ஷிஃப்ட் எண்ட், அடுத்த தாளுக்குப் போகக் கன்ட்ரோல் பேஜ் டவுன், கட்டத்தைத் திருத்த எஃப்2, டாலர் குறி போட எஃப்4. முக்கால்வாசி கூட்டு விசைகள்.

60%-இல் கன்ட்ரோல் ஷிஃப்ட் வலது அம்பை அழுத்திப் பாருங்கள். இடது சுண்டுவிரல் கன்ட்ரோலில், மோதிர விரல் ஷிஃப்ட்டில். வலக்கை கீழே மடங்கி எஃப்என்னைப் பிடிக்க வேண்டும். பிடித்தபடியே அதே கையின் இன்னொரு விரல் எழுத்து வரிசைக்கு ஏற வேண்டும். பல 60%-களில் அம்புக்குறிகள் ஐ, ஜே, கே, எல் விசைகளில் இருக்கும். வலது அம்பு எல். இதில் எஃப்என் விரல் அரை நொடி முந்தி எழுந்துவிட்டால் எக்செலுக்குப் போய்ச்சேர்வது கன்ட்ரோல் ஷிஃப்ட் எல். அது வடிகட்டியைப் போடவும் எடுக்கவும் உள்ள குறுக்குவிசை. வடிகட்டி வைத்து ஒதுக்கியிருந்த வரிகளெல்லாம் ஒரே தட்டில் திரும்ப வந்து நிற்கும். ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு போல அம்புக்குறிகளை வலது ஓரத்து நிறுத்தக்குறிகளில் வைத்திருந்தால் வேறு வேடிக்கை: இடது அம்பு அரைப்புள்ளி விசையில் இருக்கிறது, எஃப்என் நழுவினால் கன்ட்ரோல் ஷிஃப்ட் அரைப்புள்ளி, அது கட்டத்தில் தற்போதைய நேரத்தை எழுதிவிடும். நிரப்பிய தொகையின் இடத்தில் மணி வந்து உட்கார்ந்தால் அந்த அம்மா என்னைத்தான் கூப்பிடுவார்.

75% போதுமா என்று பார்த்தோம். எல்லா விசையும் இருக்கிறது, ஆனால் ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன் வலது ஓரத்தில் ஒரே தூணாக நிற்கின்றன. எது மேலே எது கீழே என்பது மாடலுக்கு மாடல் மாறும். எஃப் வரிசையிலும் பல 75%-களில் இடைவெளியே இருப்பதில்லை. டிகேஎல்லில் எஃப்4-க்கும் எஃப்5-க்கும் நடுவே ஒரு சந்து உண்டு. பார்க்காமல் எஃப்4-ஐத் தேடும் விரல் அந்தச் சந்தைத் தடவித்தான் கண்டுபிடிக்கிறது. எஃப்2-க்குப் போகும்போது எஃப்1 பட்டு உதவிப் பக்கம் திறந்துகொள்வதற்குப் பயந்து எஃப்1 விசையையே பிடுங்கிவைப்பவர்கள் கணக்குப் பிரிவில் உண்டு. இவர் அதில் ஒருவர் என்று அப்போதுதான் தெரிந்தது. பழைய கீபோர்டில் அந்த இடம் பொக்கையாக இருந்தது.

டிகேஎல், கூடவே 17 விசை கொண்ட தனி எண் தொகுதி. அதை இடப்பக்கம் வைத்துக்கொண்டால் வலக்கை மவுஸை விட வேண்டியதில்லை என்று சொன்னேன். "இத்தனை வருஷம் வலது கையில அடிச்ச கை தம்பி, இப்போ இடதுக்கு மாத்தச் சொன்னா எட்டுக்குப் பதிலா ரெண்டு விழும்" என்றார். பில் பதியும் நேரத்தில் மவுஸைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தொகுதியை வைக்கிறார், முடிந்ததும் எடுத்துவிடுகிறார். ஒட்டியே இருக்கும் தொகுதியில் இந்த வசதி கிடையாது. முழு அளவு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

தமிழ் மேசை

மொழிபெயர்ப்பாளரின் மேசையில்தான் அதிக நேரம் செலவானது. கீபோர்டு அளவுகளைப் பற்றிய பேச்செல்லாம் ஆங்கிலத் தட்டச்சை மனதில் வைத்தே நடப்பதால், தமிழுக்கு எது அவசியம் என்பதை நாமேதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அவர் தட்டுவது தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பு. அதில் எழுத்துகள் ஆங்கில எழுத்து விசைகளோடு நிற்பதில்லை; வலப்பக்கத்து நிறுத்தக்குறி விசைகளுக்கும் பரவுகின்றன. சதுர அடைப்புக்குறி இரண்டில் ச, ஞ. அரைப்புள்ளியில் ந. மேற்கோள் குறியில் ய. சாய்கோட்டில் ழ. 60% வரைக்கும் இந்த ஐந்தும் அதனதன் இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதற்குக் கீழே, 40% வகையிலும் நாற்பதை ஒட்டிய விசைகளோடு வரும் இரண்டாகப் பிளந்த கீபோர்டுகளிலும், முதலில் வெட்டுப்படுவது சதுர அடைப்புக்குறிகள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது எப்போதோ தேவைப்படும் குறி. தமிழ்99-இல் அது ச. ஒவ்வொரு ‘ச’வுக்கும் ஒரு லேயர் விசை என்றால் எழுத உட்காரவே மனம் வராது.

60%-இலும் ஒரு பொறி உண்டு. அம்புக்குறி இல்லையே என்ற குறையைப் போக்க, சில 61 விசை மாடல்களில் வலது கீழ்மூலை விசைகளையே அம்புக்குறியாக மாற்றிக்கொள்ளும் வசதி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் சாய்கோடு மேல் அம்பாகிவிடும். ஆங்கிலத்தில் கேள்விக்குறி போகும். தமிழ்99-இல் கூடவே ழ போகும். தமிழ் எழுதும் கீபோர்டில் ழ இல்லை என்றால் அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது.

தாளில் அவர் திரும்பத் திரும்ப எழுதியிருந்த விசை டெலீட். பேக்ஸ்பேஸ் இருக்கும்போது டெலீட் எதற்கு என்று இளைய டெவலப்பர் கேட்டார். தமிழில் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ‘கோ’வுக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் பெரும்பாலான செயலிகளில் உயிர்க்குறி மட்டும் அழிந்து ‘க’ நிற்கும். முன்னால் நின்று டெலீட் தட்டினால் ‘கோ’ முழுசாகப் போகும். குறிலை நெடிலாக்க முதலாவது, எழுத்தையே எடுக்க இரண்டாவது. திருத்தும் வேலையில் இருப்பவர் ஒரு பத்தியில் இரண்டையும் மாறிமாறிப் பயன்படுத்துகிறார், அதுவும் மவுஸால் இடத்தைச் சொடுக்கிவிட்டு இடக்கை நீட்டித் தட்டுகிறார். ஒரு கை மவுஸில், மறு கையால் அழுத்தும் விசை. லேயருக்குள் விடக் கூடாத விசை.

65%-களில் பலவற்றிலும் டெலீட் வலது மேல்மூலையில் தனியாக இருக்கிறது. அதோடு போயிருந்தால் 65 போதும். ஆனால் வரி முழுவதையும் தேர்ந்தெடுக்க ஷிஃப்ட் ஹோம், ஷிஃப்ட் எண்ட், கோப்பின் தொடக்கம் வரைக்கும் தேர்ந்தெடுக்கக் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஹோம் என்று அவர் தாளில் வரிசையாக இருந்தன. 65%-இன் ஓரத் தூணில் இருப்பது நாலு விசைக்குள்தான். ஹோமும் எண்டும் இரண்டுமாக அதில் இடம்பிடிப்பது அரிது. எஃப் வரிசையை அவர் தொடுவதே இல்லை. இருந்தும் 75 எடுத்தோம். எஃப் வரிசைக்காக அல்ல, அந்த ஓரத் தூண் ஒரு படி நீளமாக இருப்பதற்காக.

வலது ஷிஃப்ட் பற்றியும் சொல்ல வேண்டும். அம்புக்குறிக்கு இடம் விடுவதற்காக 65-இலும் 75-இலும் வலது ஷிஃப்ட்டை 2.75 யூனிட்டிலிருந்து 1.75-ஆகக் குறுக்கிவிடுகிறார்கள். பக்கத்திலேயே மேல் அம்பு. ஷிஃப்ட்டின் வலது நுனியில் சுண்டுவிரலை வைத்துப் பழகியவருக்கு ஷிஃப்ட்டுக்குப் பதில் மேல் அம்பு விழும். கர்சர் முந்தைய வரிக்குத் தாவி, அடுத்து தட்டியது அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். டெர்மினலில் இது இன்னும் மோசம், போன கட்டளை திரும்ப வந்து நிற்கும். தமிழ்99-இல் ஷிஃப்ட் தேவைப்படுவது ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான் என்பதால் மொழிபெயர்ப்பாளருக்கு இது பெரிய தொல்லையாக இல்லை. ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழ் எழுதும் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டும் இளைய டெவலப்பருக்கு நிலைமை வேறு. ண, ள இரண்டும் வலக்கை எழுத்துகள், அவற்றுக்கு இடது ஷிஃப்ட். ‘ற’வுக்கு ஆங்கில ஆர் விசை, அது இடக்கை எழுத்து, பத்து விரலாலும் முறையாகத் தட்டுபவர் வலது ஷிஃப்ட்டைத்தான் தேடுவார். ஒலிபெயர்ப்பில் எழுதுபவர்கள் வாங்கும் முன் அந்த ஒரு எழுத்தைப் பத்து தடவை தட்டிப் பார்க்கலாம்.

இரண்டு டெவலப்பர்கள்

மூத்தவருக்கு 60% பிடித்தது. அவர் வேலைக்கு அது பொருந்தவும் செய்தது. அவர் வாழ்வது விஐ (vi) வழி வந்த உரைத் தொகுப்பியில். அதில் அம்புக்குறி என்பதே எழுத்து வரிசையில் இருக்கிறது: எச், ஜே, கே, எல். இந்த வழக்கத்துக்கு ஊர் உலகம் அறிந்த கதை உண்டு. 1976-இல் பில் ஜாய் விஐ எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நாலு எழுத்துகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. அதே முனையத்தில் அலைக்குறியும் (~) ஹோமும் ஒரே விசையில் இருந்தன. யூனிக்ஸில் அலைக்குறி ஒருவரின் சொந்தக் கோப்புறையைக் குறிக்க வந்ததற்கும் அதுவே காரணம். 1996-இல் எயிச்சி வாடா வடிவமைத்து பிஎஃப்யூ வெளியிட்ட ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டும் இந்தக் குடும்பத்து ஆட்களுக்காகவே வந்தது: தனி அம்புக்குறி இல்லை, கேப்ஸ் லாக் இடத்தில் கன்ட்ரோல். அதனால் 60% கச்சிதம் என்று டெர்மினல்காரர்கள் சொல்வதை நம்பலாம், அவர்கள் அளவில். அதைக் கேட்டுக்கொண்டு எக்செல்காரர் வாங்கும்போதுதான் வினை.

அவருக்கும் ஓர் இடத்தில் முட்டியது. எஃப் வரிசை இல்லாததால் 60%-இல் எஸ்கேப் ஒரு படி கீழே இறங்கி, ஒன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே குடியிருந்த அலைக்குறியும் பின்சாய் குறியும் (`) லேயருக்குள் போகின்றன. டெர்மினலில் அலைக்குறி தினசரிப் பிழைப்பு. குறிப்பேட்டில் நிரல்துண்டு எழுதப் பின்சாய் குறி மூன்று மூன்றாக வேண்டும். அலைக்குறிக்கு எஃப்என், ஷிஃப்ட், எஸ்கேப் என்று மூன்றைப் பிடிப்பது எரிச்சல். கியூஎம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேர், அதாவது கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் நிரல், ஓடும் கீபோர்டாக இருந்தால் இதற்கு வழி இருக்கிறது. கேப்ஸ் லாக்கைத் தட்டிவிட்டால் எஸ்கேப், பிடித்துக்கொண்டால் கன்ட்ரோல் என்று அமைத்தோம். மேல்மூலையில் அலைக்குறி தன் பழைய வீட்டுக்கே திரும்பியது. தட்டலா பிடித்தலா என்று ஃபர்ம்வேர் தீர்மானிக்க இயல்பாக 200 மில்லி நொடி எடுத்துக்கொள்ளும். வேகமாகத் தட்டுபவர் கை அந்தக் கோட்டில் தடுக்கும்: கன்ட்ரோல் சி கேட்டால் எஸ்கேப்பும் சியும் வரும். அந்த நேரத்தைக் கொஞ்சம் குறைத்தபின் அவர் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இளையவர் கேட்டது 65%. காரணம் அழகு, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அவர் தாளில் எஃப்5, எஃப்9, எஃப்10, எஃப்11 என்று நிரம்பி வழிந்தது. நிரல் எழுதும் விஎஸ் கோடு செயலியில் ஒரு வரி தாண்ட எஃப்10, உள்ளே நுழைய எஃப்11, வெளியே வர ஷிஃப்ட் எஃப்11. டீபக் செய்யும்போது வலக்கை மவுஸில் இருக்கும், மாறிகளின் மேல் வைத்து மதிப்பைப் பார்க்க. இடக்கையால் எஃப்10-ஐத் தட்டிக்கொண்டே போக வேண்டும். 65%-இல் எஃப்10 என்பது எஃப்என்னோடு பூஜ்யம். எஃப்என் வலது கீழே, பூஜ்யம் வலது மேலே. இடக்கை கீபோர்டைக் குறுக்காகக் கடந்து போய் இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியாது.

நியாயமாகச் சொன்னால் அதற்கும் லேயரில் தீர்வு உண்டு, அதுவும் தனி விசையைவிட நல்ல தீர்வு. கேப்ஸ் லாக்கை லேயர் விசையாக்கி, அதோடு டபிள்யூ அழுத்தினால் எஃப்10, ஈ அழுத்தினால் எஃப்11 என்று வைத்தால் இடக்கை இருந்த இடத்தைவிட்டு அசையவே வேண்டாம். முழு அளவு கீபோர்டில்கூட எஃப்10-க்கு அவ்வளவு தூரம் நீட்ட வேண்டியிருக்கிறது. அவர் அப்படி அமைத்துக்கொண்டு சில நாள் ஓட்டினார், சந்தோஷமாக இருந்தார். மூத்தவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிழையைச் சேர்ந்து தேடிய மதியத்தில் கதை மாறியது. மூத்தவர் கையை நீட்டி எஃப்10 தேடினார், இல்லை. எந்த விசை எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு வரிக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. "தம்பி, இது உன் கீபோர்டா, புதிர் பெட்டியா?" என்று எழுந்து போய்விட்டார்.

ஒருவர் மட்டுமே தொடும் கீபோர்டை எப்படி வேண்டுமானாலும் திருத்தி அமைக்கலாம். இன்னொரு கை வந்து தொடும் மேசையில் அச்சிட்டது அச்சிட்ட இடத்தில் வேலை செய்ய வேண்டும். 75% எடுத்தார்; எஃப் வரிசை வெளியே இருக்கிறது, தன் கேப்ஸ் லாக் லேயரையும் கூடவே வைத்துக்கொண்டார். 65-க்கு அந்த அறையில் ஆள் இல்லாமல் போனது. அது மோசமான அளவு என்று நான் நினைக்கவில்லை. அம்புக்குறியும் டெலீட்டும் வேண்டும், எஃப் வரிசை வேண்டாம், ஆழம் குறைய வேண்டும் என்பவருக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஆர்டருக்கு முன் கடைசியாகப் பார்த்தவை

75%-களில் இரண்டு வகை. எல்லா விசையும் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்பது ஒன்று. எஃப் வரிசைக்கும் அம்புக்குறிக்கும் சுற்றிக் கால் யூனிட் சந்து விட்டு வருவது மற்றொன்று. முதல் வகையில் பேக்ஸ்பேஸுக்குப் போகும் விரல் டெலீட்டையோ ஹோமையோ உரசிவிட்டு வரும். இரண்டாவது வகையையே எடுத்தோம். சில மில்லிமீட்டர் அகலம் கூடினாலும் பரவாயில்லை.

ப்ளூடூத் மட்டும் உள்ளதை ஒதுக்கினோம். கணினி துவங்கும் முன் அதன் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போகவோ, பூட்டிய வட்டின் கடவுச்சொல்லைத் தரவோ ப்ளூடூத் கீபோர்டு பொதுவாக உதவாது. வயரோ சொந்த யூஎஸ்பி டாங்கிளோ வேண்டும். 60%-இல் பயாஸுக்கு எஃப்2 தட்டுவதும் எஃப்என்னோடுதான் என்பதை மூத்தவருக்கு நினைவூட்டினேன்.

சத்தம் பற்றி நீண்ட விவாதம் தேவைப்படவில்லை. நாலு பேர் ஓர் அறையில், அதில் ஒருவர் தொலைபேசியில் கணக்கு சரிபார்ப்பவர். ‘க்ளிக்’ வைத்த நீல சுவிட்ச் பேச்சுக்கே இடமில்லை. செர்ரி எம்எக்ஸ் சைலன்ட் ரெட் போல, அடியிலும் மேலும் ரப்பர் வைத்து ஓசையைக் குறைத்த நேர்வகை சுவிட்ச். சுவிட்சைச் சாலிடர் இல்லாமல் கழற்றி மாட்டும் பலகையாகவே கேட்டோம்; ஒரு விசை இரட்டையாக விழத் தொடங்கினால் அந்த ஒரு சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும். கீகேப், அதாவது விசையின் மேல்மூடி, மாற்றும் ஆசை உள்ளவர் இளையவர் மட்டுமே. 1.75 யூனிட் ஷிஃப்ட்டும் வலக்கீழே வரும் 1 யூனிட் ஆல்ட், கன்ட்ரோலும் தொகுப்பில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கச் சொன்னேன். சாதாரணத் தொகுப்புகள் பெரிய கீபோர்டை மனதில் வைத்துச் செய்தவை.

ஆர்டர் போனது இப்படி: ஒரு டிகேஎல், தனி எண் தொகுதி ஒன்று, 75% இரண்டு, 60% ஒன்று. பொறுப்பாளருக்கு ஒரே ஒரு மனக்குறை, மாற்றுக்கு வைக்க எதை வாங்குவது என்று. இன்னொரு 75% வாங்கினார். 60%-காரருக்கு அது கெட்டால் 75 கையில் கொடுக்கலாம், அவர் அமைப்பைக் கியூஎம்கே மூலம் அதில் ஏற்றினால் விசைகள் கூடுதலாக இருக்குமே தவிரக் குறையாது. அமைப்பு கீபோர்டுக்குள்ளேயே தங்குவதால் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை. கணக்கு அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தன் பழைய 104-ஐ, அந்த எஃப்1 பொக்கையோடு, அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டார். டிகேஎல் கெட்டால் அதுதான்.